ஓட்டோ கிரெட்ச்மர் அவ்வளவு கப்பல்களை மூழ்கடித்தது எப்படி?

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப் போரில் டன் கணக்கில் மிக அதிகமாகக் கப்பல்களை மூழ்கடித்த ஜெர்மன் நீர்மூழ்கித் தளபதி ஓட்டோ கிரெட்ச்மர் என்கிறார்கள். போர் ஏறக்குறைய ஆறு வருடம் நடந்தது. அவரோ ஒன்றரை வருடத்திலேயே பிடிபட்டுவிட்டார். அப்புறம் எப்படி முதலிடம்? அவரைக் கண்ணியமான எதிரி என்று பலர் எழுதுகிறார்களே, அது சரியா? போருக்குப் பிறகு அவர் என்ன ஆனார்?

சீக்கிரம் பிடிபட்டவர் முதலிடத்தில் இருப்பது விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் அப்படி ஒரு எண்ணிக்கை சாத்தியமாக இருந்ததே அந்த ஒன்றரை வருடத்தில்தான். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியது, 1941 மார்ச்சில் கிரெட்ச்மர் சிறைப்பட்டார். இடையில் 16 ரோந்துப் பயணங்கள், நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள், சுமார் 2.7 லட்சம் டன். (கப்பல் கணக்கில் இந்த டன் எடையைக் குறிப்பதில்லை, உள்ளே இருக்கும் கொள்ளளவைக் குறிக்கிறது.) அவருக்குப் பிறகு இன்னும் நான்கு வருடம் நூற்றுக்கணக்கான தளபதிகள் கடலுக்குப் போனார்கள். ஒருவராலும் அந்த எண்ணைத் தாண்ட முடியவில்லை. அவர்கள் எல்லாரும் திறமை குறைந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கிரெட்ச்மருக்குக் கிடைத்த கடல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

1912 மே 1 அன்று, அப்போது ஜெர்மனியிலும் இப்போது போலந்திலும் இருக்கும் சிலேசியா பகுதியில் பிறந்தவர். கடற்படையில் சேருவதற்கு முன் சில மாதங்கள் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் தங்கி ஆங்கிலம் கற்றார். அந்த ஆங்கிலம் பிற்பாடு அவருடைய ஆட்களின் உயிரைக் காப்பாற்றியது. அதைக் கீழே சொல்கிறேன். 1930-இல் கடற்படையில் சேர்ந்தார். பயிற்சிக் காலத்தில் எம்டன் என்ற கப்பலிலும் இருந்திருக்கிறார். 1914-இல் சென்னை மீது குண்டு போட்ட எம்டன் அல்ல அது. அதன் பெயரைத் தாங்கிப் பின்னால் கட்டப்பட்ட கப்பல். 1936-இல் நீர்மூழ்கிப் பிரிவுக்கு வந்தார், 1937-இல் யு-23 என்ற சிறிய நீர்மூழ்கியின் தளபதியானார்.

யு-23 உண்மையிலேயே சின்னது. 43 மீட்டர் நீளம்கூட இல்லை, சுமார் 25 பேர், முன்பக்கம் மூன்று டார்பிடோ குழாய்கள். அட்லாண்டிக்கின் நடுவே போய்ப் போரிடும் வலு அதற்குக் கிடையாது. ஸ்காட்லாந்துக் கரையோரமும் வடகடலும்தான் அதன் எல்லை. அதை வைத்துக்கொண்டே 1940 ஜனவரியில் ஓர்க்னித் தீவுகளின் விரிகுடா ஒன்றுக்குள் நுழைந்து, நங்கூரமிட்டிருந்த டான்மார்க் என்ற பத்தாயிரம் டன் டேனிஷ் டேங்கரை உடைத்தார். அடுத்த மாதம், பிப்ரவரி 18 அன்று, டேரிங் என்ற பிரிட்டிஷ் டெஸ்ட்ராயரை (வேகமான காவல் போர்க்கப்பல்) மூழ்கடித்தார். அதில் இருந்தவர்களில் ஐந்தே பேர்தான் பிழைத்தார்கள், 157 பேர் இறந்தார்கள்.

1940 ஏப்ரலில் யு-99 அவர் கைக்கு வந்தது. இனி அவருடைய கதை முழுக்க இந்தப் படகின் கதைதான். ஏழாம் வகை பி பிரிவு, 66 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள், முன்னால் நான்கு குழாய்களும் பின்னால் ஒன்றும். கோபுரத்தில் தங்க நிறக் குதிரை லாடம்தான் அடையாளச் சின்னம்.

அவருடைய முறை என்ன? நீர்மூழ்கி என்றதும் பெரிஸ்கோப்பை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீருக்கடியிலிருந்து சுடும் காட்சிதான் நம் மனதில் வரும். கிரெட்ச்மர் பெயர் பெற்றது அப்படி அல்ல. இரவில், நீர்ப்பரப்பின் மேலேயே ஓடி, காவல் கப்பல்களின் வளையத்தைத் தாண்டி, சரக்குக் கப்பல்கள் வரிசை வரிசையாகப் போகும் கான்வாயின் உள்ளேயே புகுந்துவிடுவார். மற்றவர்கள் வெளியிலிருந்து, ஒன்றாவது படட்டும் என்று மூன்று நான்கு டார்பிடோக்களை விசிறிபோல விடுவார்கள். இவர் சில நூறு மீட்டர் தூரம் வரைகூட நெருங்கி, ஒரு கப்பலுக்கு ஒரு டார்பிடோ என்ற கணக்கில் விடுவார். ஒரு பயணத்துக்கு எடுத்துப் போகக்கூடிய டார்பிடோக்கள் பதினான்குக்குள்தான் என்பதால் இந்தச் சிக்கனம் பெரிய விஷயம். குழாய்களில் இருப்பது தீர்ந்தால், அடுத்ததை ஏற்றி முடிக்கும்வரை எதிரிகளுக்கு நடுவிலேயே காத்திருக்க வேண்டும்.

கேட்டால் பைத்தியக்காரத் துணிச்சல் மாதிரி இருக்கிறது. அவர் அப்படி நினைக்கவில்லை, அவருடைய கணக்கும் சரியாகத்தான் இருந்தது. காவல் கப்பல்கள் நம்பியிருந்த ஆஸ்டிக் என்ற ஒலிக்கருவி நீருக்கு அடியில் இருப்பதைத்தான் தேடும். மேலே மிதக்கும் படகின் விஷயத்தில் அதனால் பெரிய பயன் இல்லை. 1940-இல் காவல் கப்பல்கள் பெரும்பாலானவற்றில் ரேடாரே கிடையாது. அலைமட்டத்துக்குச் சற்று மேலே தெரியும் ஒரு கோபுரத்தை இருட்டில் வெறும் கண்ணால்தான் தேட வேண்டும், அதுவும் தாக்குபவன் வெளியே இருக்கிறான் என்று நினைத்து வெளிப்பக்கம் பார்த்துத் தேடுவார்கள். இன்னொன்று வேகம். யு-99 மேலே மிதக்கும்போது கிட்டத்தட்ட 18 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஓடும். அதைத் துரத்த பிரிட்டன் அவசரமாகக் கட்டிய ஃபிளவர் வகை கார்வெட் என்ற சிறிய காவல் கப்பலின் வேகம் 16 நாட்தான். துரத்துகிறவனைவிட ஓடுகிறவன் வேகமாக இருக்கும் கடல் அது.

இதோடு அந்த நேரத்து நிலவரமும் சேர்ந்துகொண்டது. 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்ததும் லோரியான் போன்ற அட்லாண்டிக் துறைமுகங்கள் ஜெர்மனி கைக்கு வந்தன. அதுவரை ஸ்காட்லாந்தைச் சுற்றிக்கொண்டு போன படகுகள் நேராக வேட்டைக் களத்தில் இறங்கின. பிரிட்டனோ நார்வேயிலும் டன்கர்க்கிலும் டெஸ்ட்ராயர்களை இழந்திருந்தது. மிச்சம் இருந்தவற்றில் பல, ஜெர்மனி படையெடுக்கும் என்ற பயத்தில் ஆங்கிலக் கால்வாயில் காத்திருந்தன. பத்து இருபது சரக்குக் கப்பல்களுக்கு ஒரே ஒரு காவல் கப்பல் என்பதெல்லாம் அப்போது சாதாரணம்.

அந்தக் காலத்தின் உச்சம் எஸ்சி-7 கான்வாய். 1940 அக்டோபர் 5 அன்று கனடாவின் சிட்னி துறைமுகத்திலிருந்து 35 கப்பல்கள் கிளம்பின, பழையவை, மெதுவானவை. கடலின் பெரும்பகுதியை ஸ்கார்பரோ என்ற ஒரே ஒரு காவல் கப்பலோடு கடந்தன. கரை நெருங்கும் நேரத்தில் துணைக்கு வந்த கப்பல்கள் ஒன்றாகச் சேர்ந்து பயிற்சி எடுத்தவையே இல்லை. அக்டோபர் 18 இரவு, நீர்மூழ்கிகள் கூட்டமாகச் சேர்ந்து அந்தக் கான்வாயைப் பிய்த்துப் போட்டன. மொத்தம் இழந்த 20 கப்பல்களில் ஆறு கிரெட்ச்மருடைய கணக்கில் சேர்ந்தன: எம்பயர் மினிவர், நிரிட்டோஸ், ஃபிஸ்கஸ், எம்பயர் பிரிகேட், தாலியா, ஸ்னெஃப்யெல். அந்த இரவில் அவர் பெரும்பாலும் கான்வாயின் வரிசைகளுக்கு நடுவிலேயே இருந்தார். ஒரு கட்டத்தில் ஒரு கப்பல் அவரைப் பார்த்துவிட்டு மோத வந்ததையும், திரும்பி முழு வேகத்தில் விலகியதையும் அவருடைய போர்க் குறிப்பு எந்த உணர்ச்சியும் இல்லாமல் நேரத்தோடு பதிவு செய்கிறது.

இந்த இடத்தில் வெறும் எண்களோடு நிறுத்தினால் அது நேர்மை ஆகாது. ஃபிஸ்கஸ் இரும்பு ஏற்றிப் போன கப்பல். இரும்பு ஏற்றிய கப்பல் அடிபட்டால் நொடிகளில் போய்விடும். அதில் ஒரே ஒருவர்தான் பிழைத்தார். கிரேக்கக் கப்பல் தாலியாவிலும் பெரும்பாலானவர்கள் செத்தார்கள். ஆனால் மரம் ஏற்றிய ஸ்னெஃப்யெலில் எல்லாரும் தப்பினார்கள். அந்த இரவில் ஒரு மாலுமி வாழ்வதும் சாவதும் அவன் கப்பலில் என்ன சரக்கு இருந்தது என்பதில் அடங்கியிருந்தது. சாதனைப் பட்டியல்களில் இந்தப் பக்கம் வருவதே இல்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

அடுத்து 1940 நவம்பர் 3, அயர்லாந்துக்கு மேற்கே. என்னைக் கேட்டால் கிரெட்ச்மரைப் புரிந்துகொள்ள எஸ்சி-7-ஐவிட இந்த இரவுதான் முக்கியம். முதலில் கசனாரே என்ற வாழைப்பழக் கப்பலை அடித்தார். அதன் அபாயக் குரலைக் கேட்டு லாரன்டிக், பாட்ரோக்ளஸ் என்று இரண்டு பெரிய கப்பல்கள் வந்தன. இவை பயணிகள் கப்பல்களாக இருந்து, பீரங்கி பொருத்திக் கடற்படைக்கு மாற்றப்பட்டவை. லாரன்டிக் முதலில் அடிபட்டது. அதன் ஆட்களைத் தூக்க பாட்ரோக்ளஸ் நின்றது. நின்ற கப்பலைக் கிரெட்ச்மர் சுட்டார். ஆனால் இரண்டும் லேசில் மூழ்கவில்லை. அடிபட்டாலும் மிதக்கட்டும் என்று இந்த வகைக் கப்பல்களின் அடித்தளத்தில் காலிப் பீப்பாய்களை அடுக்கியிருந்தார்கள். ஒரு கப்பலுக்கு ஒரு டார்பிடோ என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லவில்லை. விடியும்வரை திரும்பத் திரும்பச் சுட வேண்டியிருந்தது. இரண்டு கப்பல்களிலும் சேர்த்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு மாதம் கழித்து ஃபோர்ஃபர் என்ற அதே வகைக் கப்பலையும் மூழ்கடித்தார். இந்த மூன்றிலும் சேர்த்தே 46 ஆயிரம் டன்னுக்கு மேல் அவர் கணக்கில் ஏறியது.

போர் விதிப்படி பார்த்தால் பாட்ரோக்ளஸ் ஒரு போர்க்கப்பல். அதைச் சுட்டது குற்றம் அல்ல. நீரில் கிடப்பவர்களைத் தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில் சுட்டார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வைத்துப் பார்க்க வேண்டும்.

கண்ணியமானவர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அதற்கும் காரணம் இருக்கிறது. 1940 செப்டம்பரில் எச்எக்ஸ்-72 கான்வாயைத் தாக்கியபோது, பாரன் பிளைத்ஸ்வுட் என்ற கப்பல் நொடியில் மூழ்கி, அதன் மாலுமி ஒருவர் மிதவையில் தனியாகக் கிடந்தார். கிரெட்ச்மர் அவரைப் படகுக்குள் ஏற்றி, உலர்த்தி, போர்வை கொடுத்து, பிறகு தான் மூழ்கடித்த இன்னொரு கப்பலின் உயிர்காப்புப் படகைத் தேடிப் பிடித்து, அதில் சேர்த்துவிட்டுப் போனார். பிழைத்தவர்களைச் சுட்டதாக அவர்மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. விளம்பரத்திலும் அவருக்கு ஆசை இல்லை. வானொலியிலும் அநாவசியமாகப் பேசமாட்டார். அதனால் சக தளபதிகள் 'மௌன ஓட்டோ' என்றார்கள். அறிக்கைகளிலும் அப்படித்தான். அவருடைய நண்பரும் போட்டியாளருமான யோவாகிம் ஷெப்கே மூழ்கடித்ததாகச் சொன்ன டன் கணக்குக்கும் உண்மைக்கும் பெரிய இடைவெளி இருந்தது. கிரெட்ச்மருடைய கணக்கு உண்மைக்கு அருகிலேயே இருக்கும்.

நைட்ஸ் கிராஸ் பதக்கத்தைக் கொடுக்கக் கடற்படைத் தலைவர் ரேடரே லோரியானுக்கு வந்தார். யு-99 ஆட்களோ, பிரிட்டிஷ் ராணுவம் விட்டுப்போன சீருடைகளைப் போட்டுக்கொண்டு அணிவகுத்து நின்றார்கள். மாற்றுத் துணி அதுதான் கிடைத்தது. நவம்பரில் ஹிட்லர் கையால் அடுத்த விருது. என்ன வேண்டும் என்று ஹிட்லர் கேட்டதற்கு, படகுகள் இன்னும் வேண்டும், கான்வாய்களைத் தேட விமானங்கள் வேண்டும் என்று நேராகச் சொல்லியிருக்கிறார்.

சரி, முடிவுக்கு வருவோம். 1941 மார்ச் தொடக்கத்தில், 1939-இல் ஸ்காப்பா ஃப்ளோ என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக்குள் புகுந்து ராயல் ஓக் போர்க்கப்பலை மூழ்கடித்த குந்தர் பிரீன் தன் படகோடு காணாமல் போனார். மார்ச் 16 இரவு, எச்எக்ஸ்-112 கான்வாய். தன் வழக்கப்படியே கிரெட்ச்மர் உள்ளே புகுந்து ஐந்து கப்பல்களை மூழ்கடித்தார், ஆறாவதைச் சேதப்படுத்தினார். டார்பிடோ தீர்ந்தது, வீடு திரும்பக் கிளம்பினார்.

ஆனால் அந்தக் கான்வாயைக் காத்தது 1940-இல் இருந்தது போன்ற காவல் அல்ல. டொனால்ட் மக்கின்டயர் தலைமையில் வாக்கர், வானோக் உள்ளிட்ட கப்பல்கள் ஒரே குழுவாக இயங்கின. வானோக்கில் ரேடார் இருந்தது, ஆரம்பகால மாதிரிதான். இருட்டில் மேலே மிதந்த ஷெப்கேயின் யு-100-ஐ அந்த ரேடார் காட்டிக் கொடுத்தது. வானோக் நேராகப் போய் மோதியது. ஷெப்கே இறந்தார், பிழைத்தவர்கள் ஆறு பேர். நீர்மேல் இருக்கும் ஒரு நீர்மூழ்கியை ரேடாரால் கண்டுபிடித்து அழித்த முதல் சம்பவம் அது. கிரெட்ச்மர் எதை நம்பி அத்தனை இரவுகள் கான்வாய்களுக்குள் ஓடினாரோ, அந்த இருட்டு அன்றைக்குப் போய்விட்டது.

யு-99 அருகில்தான் இருந்தது. மேல்தளத்தில் காவலில் இருந்த அதிகாரி திடீரென்று ஒரு டெஸ்ட்ராயரைப் பார்த்துப் பதறிப் படகை நீருக்குள் இறக்கிவிட்டார். இரவில் ஆபத்து வந்தால் மேலேயே ஓடித் தப்ப வேண்டும் என்பதுதான் கிரெட்ச்மருடைய வழக்கம். உள்ளே போனதும் ஆஸ்டிக்கின் கைக்குள் போன மாதிரி ஆகிவிட்டது. வானோக் பிழைத்தவர்களைத் தூக்கிக்கொண்டிருக்க, அதைச் சுற்றிக் காவல் வந்த வாக்கருக்கு எதிரொலி கிடைத்தது. அது போட்ட ஆழ்வெடிகளில் யு-99 மிக ஆழத்துக்குப் போய், தொட்டிகளில் காற்றைச் செலுத்தி எப்படியோ மேலே வந்தது. இயந்திரம் ஓடவில்லை, டார்பிடோவும் இல்லை. சுற்றிலும் குண்டுகள் விழ, கிரெட்ச்மர் சமிக்ஞை விளக்கில் ஆங்கிலத்தில் செய்தி அனுப்பச் சொன்னார்: மூழ்குகிறோம், உங்கள் பக்கம் மிதந்து வரும் என் ஆட்களைக் காப்பாற்றுங்கள். வாக்கர் சுடுவதை நிறுத்தியது. படகு எதிரி கையில் சிக்கக் கூடாது என்று நீர்க் கதவுகளைத் திறக்கத் திரும்ப உள்ளே போன பொறியாளர் வரவேயில்லை. 43 பேரில் மூன்று பேர் இறந்தார்கள், 40 பேர் பிழைத்தார்கள். வாக்கரில் கடைசியாக ஏறியவர்களில் கிரெட்ச்மர் ஒருவர். கழுத்தில் தொங்கிய பைனாகுலரை மக்கின்டயர் எடுத்துக்கொண்டார். பல வருடம் கழித்து அதைத் திருப்பிக் கொடுத்தார். அன்று இரவு கிரெட்ச்மர் மூழ்கடித்த கனடியக் கப்பல் ஜே.பி. ஒயிட்டில் இருந்து மீட்கப்பட்டவர்களும் அதே வாக்கரில்தான் இருந்தார்கள்.

ஒரே மாதத்தில் ஜெர்மனியின் மூன்று பெரிய பெயர்கள் போயின. போரின் போக்கே அன்றோடு திரும்பியது என்று எழுதுவது மிகை. 1942-இல் நீர்மூழ்கிகள் இன்னும் பயங்கரமான அழிவைச் செய்தன, 1943 மே வரை அட்லாண்டிக்கில் முடிவு தெரியவில்லை. ஆனால் தனியொரு தளபதி தன் துணிச்சலையும் கணக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு இரவுக்கு ஆறு கப்பல் அடிக்கும் காலம் வடக்கு அட்லாண்டிக்கில் முடியத் தொடங்கியது அங்கேதான்.

கண்ணியம் பற்றிய கேள்விக்குத் திரும்பும்போது சிறைக்காலத்தையும் சொல்ல வேண்டும், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதலில் இங்கிலாந்தின் கிரைஸ்டேல் ஹாலில் வைத்திருந்தார்கள். 1941 ஆகஸ்டில் யு-570 என்ற நீர்மூழ்கி பிரிட்டிஷ் விமானத்திடம் சரணடைந்தது, படகும் முழுசாகப் பிடிபட்டது. அதன் முதல் அதிகாரி பெர்ன்ட் அந்த முகாமுக்கு வந்தபோது, கைதி அதிகாரிகள் ரகசியமாக ஒரு 'கௌரவ நீதிமன்றம்' கூட்டி அவரைக் கோழை என்று தீர்ப்பளித்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் கிரெட்ச்மர். பழியைத் துடைக்க, முகாமிலிருந்து தப்பி, பாரோ துறைமுகத்தில் நின்ற யு-570-ஐ மூழ்கடிக்கப் போவதாக பெர்ன்ட் கிளம்பினார். வழியில் காவலர்கள் சுட்டதில் இறந்தார். கடலில் முகம் தெரியாத ஒரு பிரிட்டிஷ் மாலுமிக்குப் போர்வை கொடுத்தவர், சிறையில் தன் நாட்டு இளைஞன் ஒருவன் சாகக் காரணமான தீர்ப்புக்குத் தலைமை தாங்கினார். ஆகவே கண்ணியமானவர் என்ற ஒற்றைச் சொல்லில் அவரை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. போர் விதிகளை மதித்தார், ஆட்களைக் காப்பாற்றினார், பொய்க் கணக்கு எழுதவில்லை, இவை உண்மை. அந்தத் திறமை முழுவதும் ஹிட்லரின் போருக்குப் பயன்பட்டது என்பதும் அதே அளவு உண்மை.

பிறகு கனடாவின் போமன்வில் முகாமுக்கு மாற்றப்பட்டார். 1943-இல் அவரையும் வேறு சில நீர்மூழ்கி அதிகாரிகளையும் சுரங்கம் வழியாகத் தப்பவைத்து, நியூ பிரன்ஸ்விக் கரையில் யு-536 வந்து ஏற்றிக்கொண்டு போக ஒரு திட்டம் போட்டார்கள். கடிதங்களில் மறைத்துச் செய்தி பரிமாறிக்கொண்டார்கள். கனடியர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். சுரங்கம் பிடிபட்டது, வேறு வழியில் வேலி தாண்டிக் கரைவரை போன வோல்ஃப்காங் ஹைடா அங்கே சிக்கினார். காத்திருந்த யு-536 அன்று தப்பினாலும் சில வாரங்களிலேயே மூழ்கடிக்கப்பட்டது.

1947 டிசம்பரில் விடுதலையாகி ஊர் திரும்பினார். 1955-இல் மேற்கு ஜெர்மனி மீண்டும் கடற்படை அமைத்தபோது அதில் சேர்ந்தார். சோவியத் யூனியனுக்கு எதிராக அணி திரண்டிருந்த மேற்கு நாடுகளுக்கு அனுபவமுள்ள கடல் அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். 1965-இல் பால்டிக் பகுதியின் நேட்டோ கடற்படைத் தலைமையகத்தில் தலைமைப் பணி அதிகாரி ஆனார். தான் சுட்ட நாடுகளின் அதிகாரிகளோடே வேலை பார்த்துவிட்டு, 1970-இல் ஃப்ளோட்டில்லா அட்மிரல் (அட்மிரல் தகுதிகளில் மிகக் கீழானது) தகுதியில் ஓய்வு பெற்றார். 1998 ஆகஸ்டில், டான்யூப் ஆற்றுப் படகுப் பயணத்தில் நேர்ந்த விபத்தில் அடிபட்டு, பவேரியாவில் 86 வயதில் இறந்தார்.